இதயத்துக்கு ஒரு மணி நேரம் லீவு

"இந்த ஸ்டூல்ல ஏறி நில்லுங்க மேடம். பச்சைத் துணி எதையும் தொடாதீங்க. மயக்கம் வந்தா பின்பக்கமா விழுங்க, முன்னாடி விழுந்துடாதீங்க!"

மூன்று கட்டளைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். நோயாளியின் தலைமாட்டில், மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில், ஸ்டூலில் ஏறித் திரைத்துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இரண்டடி தூரத்தில், கண்கூசும் விளக்கொளியில், ஒரு மனிதரின் இதயம் துள்ளிக்கொண்டிருந்தது.

கைதட்டத் தோன்றியது, சத்தியமாக! முகக்கவசத்துக்குள் இளித்துக்கொண்டே அடக்கிக்கொண்டேன்.

முதல் ஆச்சரியம் நிறம். காதலர் தின அட்டையும் உயிரியல் பாடநூலும் கூட்டுச் சேர்ந்து நம்மை ஏமாற்றியிருக்கின்றன. இதயம் பளபளக்கும் சிவப்பு இல்லை. பாதிக்குப் பாதி மஞ்சள் கொழுப்பு, அதன் ஊடே பழுப்பேறிய சிவப்பில் தசை. அடுத்த ஆச்சரியம் அதன் ஆட்டம். உப்பிச் சுருங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது முறுக்கிக்கொள்கிறது! மேல்பாகம் ஒரு பக்கமும் நுனி எதிர்ப்பக்கமும் திரும்ப, உள்ளிருக்கும் ரத்தம் பிழியப்பட்டு வெளியேறுகிறது. மூன்றாவது, இதில் பெரிய கில்லாடியான இடது கீழறை கண்ணிலேயே படவில்லை. முன்னால் நின்று குதிப்பதெல்லாம் வலது பக்கம். உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளும் இடது பக்கம் பெரும்பாலும் பின்னால் ஒளிந்திருக்கிறது.

படுத்திருப்பவர் அறுபதைத் தாண்டியவர். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் மூன்று இடத்தில் அடைப்பு, அதற்குப் பைபாஸ். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்ததால்தான் எனக்கு இந்த ஸ்டூல் கிடைத்தது. நான் ஆசைப்பட்டு வந்தது ஒன்றுக்காக: இன்னும் சற்று நேரத்தில் இந்த இதயத்தை நிறுத்தப் போகிறார்கள். ஒரு மணி நேரம் போல அது சும்மா கிடக்கும். அவர் பிழைத்திருப்பார். அந்த நேரத்தில் ரத்த ஓட்டத்தின் மிச்சப் பேரெல்லாம் என்ன செய்துகொண்டிருக்கும்?

அதற்குமுன், துள்ளுகிறவரை இதயத்தைப் பார்த்துவிடலாம். எடை கால் கிலோவுக்குச் சற்று மேல், 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு எழுபது துடிப்பு. ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அதாவது நீங்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் படித்து முடிப்பதற்குள் உங்கள் ரத்தம் கிட்டத்தட்ட ஒரு முறை ஊரைச் சுற்றிவிட்டு வந்திருக்கும்.

இதயம் ஒரு பம்ப் என்பது அரைகுறைச் செய்தி. அது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்ப். உடம்பெல்லாம் சுற்றிக் கறுத்து வரும் ரத்தத்தை வலது பக்கம் வாங்கி, பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்புகிறது. கிட்டத்து வேலை. அதனால் வலது கீழறையின் சுவர் 3, 4 மில்லிமீட்டர்தான். நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு திரும்பும் ரத்தத்தை இடது பக்கம் வாங்கி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளுகிறது. அதன் சுவர் 1 சென்டிமீட்டர் அளவுக்குப் பருமன். பலம் வேறு வேறு. ஆனால் தள்ளும் அளவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இருக்காவிட்டால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள், சிலிர்க்கும். வலது பக்கம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெறும் 1 மில்லி அதிகமாகத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70 மில்லி. ஒரு மணி நேரத்தில் 4,200 மில்லி! உடம்பின் ரத்தம் முக்காலே மூணு வீசமும் நுரையீரலில் தேங்கி, ஆள் ரத்தத்திலேயே மூழ்கிப் போயிருப்பார். அப்படி நடக்காமல் இருக்க மேலதிகாரி யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. தசையிலேயே வழி இருக்கிறது: அறைக்குள் ரத்தம் கூடுதலாக வந்தால் தசை கூடுதலாக இழுபடும், கூடுதலாக இழுபட்ட தசை அடுத்த துடிப்பில் கூடுதல் பலத்துடன் சுருங்கும். வந்ததை வந்தபடி அனுப்பிவிடும். ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்கும் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் கண்டு சொன்ன விதி இது. இந்த ஓட்டம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

மயக்க மருந்து டாக்டர் என்னைத் திரும்பச் சொல்லி ஒரு திரையைக் காட்டினார். உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோக் கருவி, இதயத்தைப் பின்புறமிருந்து எட்டிப் பார்த்துப் படம் அனுப்புகிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு மெல்லிய இதழ்கள் அடித்துக்கொண்டிருந்தன. மைட்ரல் வால்வு. ஸ்டெத்தஸ்கோப்பில் கேட்கும் 'லப்', 'டப்' சத்தங்கள் தசை சுருங்கும் சத்தம் இல்லை, வால்வுகள் மூடிக்கொள்ளும் சத்தம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை, ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். இந்தத் தொகையின் கொடுமை தெரிய வேண்டுமானால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய சர்ஜன் வலியத்தான் தலைமையில் செயற்கை வால்வு செய்யப் புறப்பட்டவர்களின் கதையைக் கேட்க வேண்டும். மூன்று மாதிரிகள் தோற்று, பாலிஎத்திலீன் தட்டு வைத்த நான்காவதுதான் நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இங்கே திரையில் ஆடும் இதழ்களை யாரும் மாதிரி பார்த்துச் செய்யவில்லை.

துடிக்கச் சொல்வது யார் என்று கேட்டால், மூளை இல்லை. வலது மேலறையின் சுவரில் ஒரு செல் கூட்டம் தானாகவே மின் துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள இன்னொரு முடிச்சில் பத்தில் ஒரு நொடி வேண்டுமென்றே தாமதிக்கிறது. மேலறைகள் தம் ரத்தத்தைக் கீழே கொட்டி முடிக்கட்டும் என்று. அப்புறம்தான் கீழறைகளுக்கு இறங்கும். மூளையால் செய்ய முடிந்தது வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். நரம்புகளை அறுத்தாலும் இதயம் துடிக்கும். உடம்பைவிட்டு எடுத்தாலும் சற்று நேரம் துடிக்கும்.

இதற்குள் கால்பக்கம் இன்னொரு டாக்டர், நோயாளியின் காலிலிருந்து நீளமாக ஒரு சிரையை எடுத்து முடித்திருந்தார். அடைப்பைச் சுற்றிப் புதுப் பாதை போட இதுதான் குழாய். சிரையை எடுத்தால் காலுக்கு என்ன ஆகும் என்று கவலைப்படாதீர்கள். ஆழத்தில் வேறு சிரைகள் இருக்கின்றன, அவை பார்த்துக்கொள்ளும். அவர் அதை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒரு முனையில் அடையாளம் வைத்தார்.

"எதுக்கு டாக்டர் அடையாளம்?"

"தலைகீழாத் தைக்கணும். நேராத் தைச்சா ரத்தம் போகாது."

சிரைக்குள் வால்வு! பாதத்திலிருந்து நெஞ்சுக்கு, அதாவது மேல்நோக்கி மட்டும்தான் அவை திறக்கும். நிற்கும்போது காலில் இறங்கும் ரத்தத்தை மேலே ஏற்றுவது இதயத்தின் அழுத்தம் மட்டுமில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சிரையை நெருக்கி மேலே தள்ளுகிறது, வால்வுகள் அதைத் திரும்பி இறங்க விடாமல் பிடிக்கின்றன. அந்த வால்வு சிதைந்தால்தான் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். புறங்கையில் புடைத்த ஒரு சிரையை விரல்நுனிப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து மணிக்கட்டை நோக்கி ரத்தத்தை வழித்துத் தள்ளிவிட்டு, இரண்டாவது விரலை எடுத்துவிடுங்கள். கிளை இல்லாத, வால்வுள்ள துண்டாக அகப்பட்டால் ரத்தம் திரும்பி வராது, குழாய் வெறுமையாகவே கிடக்கும். முதல் விரலை எடுத்ததும் குபுக்கென்று நிரம்பும். ஏறக்குறைய இதையேதான் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சான தன் சின்னப் புத்தகத்தில் முன்கையை வைத்துப் படம் போட்டுக் காட்டினார்.

ஹார்விக்கு முன்னால் ஐரோப்பா ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை நம்பியது: ஈரல் ரத்தத்தைச் செய்கிறது, உடம்பு அதைத் தின்று தீர்க்கிறது. சிரைகளில் வால்வு இருப்பதை ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரிசியஸே பதுவாவில் பார்த்து எழுதிவிட்டார், ஆனால் அவை எதற்கென்று தவறாகப் புரிந்துகொண்டார். ஹார்வி செய்தது பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு மிகக் கொஞ்சம் ரத்தம்தான் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை மணியில் அது உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தை மிஞ்சிவிடுகிறது. அவ்வளவையும் எந்த ஈரல் செய்ய முடியும்? ஆகவே போனதே திரும்பி வருகிறது. நுரையீரல் வழியாக ரத்தம் சுற்றி வருகிறது என்ற பாதிக் கதையை 13ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இப்னு அல் நஃபீஸ் எழுதிவைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

"ஹெபாரின் குடுத்தாச்சு," என்றார் மயக்க மருந்து டாக்டர். அறையில் எல்லோரும் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்தப் பெட்டியை அறிமுகப்படுத்தியவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதய நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுகிறவர். அறுவை சிகிச்சை என்றால் நாம் சர்ஜனை மட்டும் நினைக்கிறோம். இந்தப் பெண்மணி ஒரு மூலையில், சக்கரம் வைத்த ஸ்டூலில், ஏகப்பட்ட குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்து அடுத்த ஒரு மணி நேரம் இன்னொரு மனிதரின் இதயமாகவும் நுரையீரலாகவும் இருக்கப்போகிறார். பெட்டி, ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது (ஏ.சி.டி. என்பார்கள்) என்று சொல்லும். சாதாரணமாக இரண்டு நிமிடத்துக்கு உள்ளேயே உறைந்துவிடும். 480 நொடியைத் தாண்டினால்தான் இயந்திரத்தைத் தொடக்குவார்கள்.

"ஏன்னா, நம்ம ரத்தக்குழாயோட உள்சுவரைத் தவிர வேற எதைத் தொட்டாலும் ரத்தம் உறைய ஆரம்பிச்சிரும் மேடம். பிளாஸ்டிக், எஃகு, எதுவா இருந்தாலும்."

அந்த உள்சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு. அது வெறும் பூச்சு இல்லை. ரத்தத்தை உறையவிடாத பொருள்களைச் சுரக்கிறது. குழாயைத் தளர்த்த நைட்ரிக் ஆக்ஸைடு விடுகிறது. எங்கே கிழிந்தாலும் அங்கே மட்டும் உறையவைக்க ஆள் கூப்பிடுகிறது. இவ்வளவு புத்திசாலியான குழாயை இதுவரை யாரும் தயாரித்ததில்லை. அதற்கு ஈடாக நம்மிடம் இருப்பது ஹெபாரின். 1916ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப்போய், உறையவிடாத பொருளைக் கண்டு திகைத்தார். இன்று பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கிறார்கள்.

பெட்டியில் எண் ஏறியது. 480, 500... "ஏ.சி.டி. ஓகே!"

"கோ ஆன் பைபாஸ்."

"ஆன் பைபாஸ்."

இந்தப் பைபாஸ், இயந்திரத்துக்கு மாறுவது. வலது மேலறையில் செருகிய தடித்த குழாய் வழியே கறுத்த ரத்தம் சரசரவென்று இறங்கி வந்தது. பம்ப் இல்லை, வெறும் புவியீர்ப்பு. அதற்காகத்தான் இயந்திரம் தாழ்வாக நிற்கிறது. ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து உருளைப் பம்புக்குப் போகிறது. அந்தப் பம்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருமுனையில் கரும்பை நசுக்குகிற சாறு மெஷினேதான்! வளைந்த குழாயை உருளைகள் நசுக்கிக்கொண்டே ஓட, ரத்தம் முன்னால் தள்ளப்படுகிறது. பம்பின் எந்தப் பாகமும் ரத்தத்தைத் தொடுவதில்லை, குழாயின் உள்புறம் மட்டும்தான். அடுத்து ஆக்ஸிஜனேட்டர். ஒரு கையில் தூக்கிவிடலாம். உள்ளே ஆயிரக்கணக்கில் நூலிழைக் குழல்கள், குழலுக்குள் ஆக்ஸிஜன், வெளியே ரத்தம். ஒரு பக்கம் கறுப்பாக நுழைந்த ரத்தம் மறுபக்கம் பளீர்ச் சிவப்பாக வெளியே வந்தது. பள்ளிக்கூடத்து நீல அம்பும் சிவப்பு அம்பும் கண் முன்னால்! (நீலம் பொய், அது கருஞ்சிவப்பு.) அங்கிருந்து மகாதமனிக்கு.

இந்தக் கருவிக்குப் பின்னால் ஒரு பூனை பிடிக்கும் கதை இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே விட முடிந்தால் என்ன என்று யோசித்தார். பெண் பிழைக்கவில்லை, யோசனை பிழைத்தது. அவரும் மனைவி மேரியும் பூனைகளை வைத்துச் சோதனை நடத்தினார்கள். பூனைக்கு எங்கே போவது? ராத்திரியில் சூரை மீனும் கோணிப்பையுமாக பாஸ்டன் தெருக்களில் கிப்பன் திரிந்திருக்கிறார்! பிற்பாடு ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர்கள் கைகொடுத்தார்கள். 1953 மே 6, ஃபிலடெல்ஃபியாவில் பதினெட்டு வயதுப் பெண்ணின் இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்தபோது, 26 நிமிடம் அந்த இயந்திரம் மட்டுமே அவளுடைய இதயமும் நுரையீரலும். அவள் பிழைத்தாள். அடுத்து வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. கிப்பன் மனமுடைந்து விலகிவிட்டார். மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள்.

மறு ஆண்டே மின்னியாபொலிஸில் வால்ட்டன் லில்லஹை இயந்திரமே வேண்டாம் என்று இறங்கினார். பக்கத்து மேசையில் அப்பாவையோ அம்மாவையோ படுக்கவைத்து, குழந்தையின் ரத்தத்தை அவர் உடம்பு வழியாகச் சுற்றவிட்டார்! பெற்றவரின் இதயமும் நுரையீரலும் இரண்டு பேருக்கு உழைத்தன. இப்படி 45 அறுவைகள். நினைத்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது, ஆனால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்து வீடு போனார்கள்.

"கிளாம்ப் ஆன்."

இதுதான்! மகாதமனியின் குறுக்கே இடுக்கி விழுந்தது. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவம் இதயத் தமனிகளுக்குள் பாய்ந்தது. தசை சுருங்குவதற்கு வேண்டிய மின் ஏற்பாட்டைப் பொட்டாசியம் முடக்கிவிடும். துள்ளல் தளர்ந்தது. ஒரு துடிப்பு. இன்னொன்று, அரைகுறையாக. பிறகு நின்றுவிட்டது. இ.சி.ஜி. கோடு நேராகப் படுத்தது. சினிமாவில் இந்த இடத்தில்தான் கதாநாயகி அலறுவாள். இங்கே யாரோ ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னார்கள்.

மணிக்கட்டுத் தமனியில் செருகிய மெல்லிய குழல் ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி திரையில் வரைகிறது. 1733ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, நட்டுவைத்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதைப் பார்த்து எழுதினார் அல்லவா, அதன் வாரிசு. இத்தனை நேரம் மேடும் பள்ளமுமாக ஓடிய அந்தக் கோடும் இப்போது சமமாகிவிட்டது. அழுத்தம் 65. மேலே கீழே இல்லை, வெறும் 65. கையைப் பிடித்தால் நாடி இருக்காது. நாடி இல்லாத, இதயம் துடிக்காத, மூச்சு விடாத ஒரு மனிதர் சௌக்கியமாக உயிரோடு இருக்கிறார்!

இப்போதுதான் மேடை காலியாகி, பின்னால் வேலை செய்கிறவர்கள் தெரிகிறார்கள். அதுவும் தந்துகிகள். எல்லாக் கொடுக்கல் வாங்கலும் அங்கேதான் நடக்கிறது. தமனியும் சிரையும் போக்குவரத்துப் பாதை மட்டும். ஆக்ஸிஜனும் சர்க்கரையும் கைமாறுவது இந்த நுண்குழாய்களில். ஹார்வி இவற்றைப் பார்த்ததே இல்லை. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படியோ போகிறது என்று சொல்லிவிட்டு 1657ல் இறந்துபோனார். நான்கே ஆண்டில், 1661ல், இத்தாலியில் மார்செல்லோ மல்பீகி ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குழாய்கள் தெரிந்தன. பாவம் ஹார்வி!

தந்துகியின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 5 முதல் 10 பங்கு. சிவப்பணுவே 7, 8 பங்கு அகலம். அதனால் பல இடங்களில் அது ஒன்றன்பின் ஒன்றாக, உடம்பைக் குறுக்கி வளைத்து நுழைகிறது. இடம் கொடுக்க வேண்டுமென்று தன் உட்கருவையே துறந்துவிட்ட செல் அது. பழுதுபார்த்துக்கொள்ளவும் வழியில்லை. 120 நாள் உழைப்பு, நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று பார்த்தால் ஒன்றே முக்கால் லட்சம் சுற்றுக்குக் கிட்டே. கிழடானதும் விறைத்துப் போகிறது. மண்ணீரலில் மிகக் குறுகிய பிளவுகள் இருக்கின்றன. நெளிந்து தப்பியது ஓட்டத்துக்குத் திரும்பும், விறைத்தது மாட்டிக்கொள்ளும், அங்கேயே உடைத்து இரும்பைத் தனியே எடுத்துவிடுவார்கள். எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புதியவர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

வேகமும் பாருங்கள். மகாதமனியில் உச்ச நேரத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் வரை பாயும் ரத்தம், தந்துகியில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கிளை பிரிந்து பிரிந்து மொத்த அகலம் அவ்வளவு பெருகிவிடுகிறது. அவசரப்படாமல் கொடுத்து வாங்க நேரம் வேண்டுமே!

இங்கே ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுகிறேன். நம் ரத்தக்குழாய்களை நீட்டிப் போட்டால் ஒரு லட்சம் கிலோமீட்டர், பூமியை இரண்டரைச் சுற்றுச் சுற்றலாம் என்று படித்திருப்பீர்கள். வினாடி வினாக்காரர்களின் செல்லப்பிள்ளை இந்த எண். இது 1920ல் நோபல் வாங்கிய டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக், தன் தந்துகிப் புத்தகத்தில் ஒரு பேச்சுக்குப் போட்ட கணக்கு. 50 கிலோ தசை உள்ள ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொண்டார், தசையில் தந்துகி நெருக்கத்தையும் தாராளமாக வைத்துக்கொண்டார். இன்றைய மதிப்பீடு 9,000 முதல் 19,000 கிலோமீட்டர். பூமியைச் சுற்ற முடியாது. சென்னையிலிருந்து லண்டன் போய்ச் சேரலாம், போதாதா?

"ஃப்ளோ நாலு லிட்டர்ல ஓடுது," என்றார் பெர்ஃப்யூஷனிஸ்ட். நோயாளியின் உயரம், எடையை வைத்துப் போட்ட கணக்கு. "எவ்வளவுங்கிறதை நான் குடுக்கிறேன் மேடம். யாருக்கு எவ்வளவுங்கிறதை அவர் பாடிதான் முடிவு பண்ணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே வந்திருக்கலாம்! நம் உடம்பின் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்டால் 5 லிட்டர் காணாது. ஆகவே எப்போதும் பங்கீடு நடந்துகொண்டே இருக்கிறது. தந்துகிக்கு முந்தைய சின்னத் தமனிகளின் சுவரில் தசை வளையங்கள். சுருங்கினால் அந்தத் தெருவுக்கு ரத்தம் குறையும், தளர்ந்தால் பெருகும். சும்மா இருக்கும்போது சிறுநீரகங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிக்கொள்கின்றன. ஓடத் தொடங்கினால் தசைகள் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். மூளை மட்டும் எது நடந்தாலும் தன் பங்கை விட்டுக்கொடுக்காது. பெரும்பகுதி ரத்தம் எங்கே தங்கியிருக்கிறது தெரியுமா? சிரைகளில். மூன்றில் இரண்டு பங்கு போல. சேமிப்பு.

நேரான கோடு திடீரென்று சரிந்தது. 48. குழாய்கள் தளர்ந்துவிட்டன. மயக்க மருந்து டாக்டரும் பெர்ஃப்யூஷனிஸ்டும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டார்கள்; ஒரு ஊசி மருந்து. சின்னத் தமனிகள் சுருங்கின. 60. பம்பின் வேகத்தை யாரும் தொடவில்லை.

மேசையில் தையல் நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தமனி. முடியைவிட மெல்லிய நூல். சர்ஜனின் கண்ணில் பூதக்கண்ணாடி. விந்தை என்னவென்றால், வயிறு நிறைய ரத்தத்தை வைத்துக்கொண்டிருக்கும் இதயம் அதிலிருந்து நேராக எடுத்துக் குடிப்பது இல்லை என்றே சொல்லிவிடலாம். மகாதமனி புறப்படும் இடத்திலேயே பிரியும் இரண்டு தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. இடது கீழறை சுருங்கும்போது அந்தக் கிளைகள் நசுங்கிவிடுவதால், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான ஓய்வில்தான் சாப்பாடு. வருகிற ஆக்ஸிஜனில் முக்கால் பங்கை ஏற்கெனவே உறிஞ்சிவிடுகிறது. கூடுதல் வேண்டுமானால் கூடுதல் ரத்தம் வந்தால்தான் உண்டு. குழாய் அடைத்தால் நெஞ்சு வலிப்பது அதனால்தான். இந்தியாவில் முதல் இதயத் தமனி பைபாஸ் 1975ல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது. இன்று இங்கே பல சர்ஜன்கள் இயந்திரம் இல்லாமலே, துடிக்கும் இதயத்திலேயே தைத்துவிடுகிறார்கள். எனக்கு நிறுத்திய இதயம் வாய்த்தது என் அதிர்ஷ்டம்.

"கிளாம்ப் ஆஃப்."

வெதுவெதுப்பான ரத்தம் இதயத் தமனிகளுக்குள் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவியது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன் (ஸ்டூலில் நிற்பவர்கள் அப்படிச் செய்யக் கூடாது). முதலில் ஒழுங்கில்லாத நடுக்கம். சர்ஜன் கரண்டி மாதிரி இருந்த இரண்டு பட்டைகளை இதயத்தின் இருபக்கமும் வைத்தார். "டென் ஜூல்ஸ்." ஒரு துள்ளல். மௌனம். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், வலது மேலறை தொடங்க, கீழறை தொடர, முறுக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டது! மூளை மயக்கத்தில், நரம்புகள் அடக்கத்தில். அந்தச் செல் கூட்டம் ஒரு மணி நேரம் கழித்து வந்து வேலையில் உட்கார்ந்துகொண்டது.

இயந்திரத்திலிருந்து இறக்குவது மெதுவாக. பெர்ஃப்யூஷனிஸ்ட் சிரைக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க, ரத்தம் இயந்திரத்துக்கு வராமல் இதயத்துக்குள்ளேயே தங்கத் தொடங்கியது. அறைகள் நிரம்ப நிரம்பத் தசை இழுபட, துடிப்பு பலமானது. ஃபிராங்கும் ஸ்டார்லிங்கும் சொன்னது கண்ணெதிரே! சமமாகக் கிடந்த கோட்டில் சின்ன மேடுகள் எழுந்து, பெரிதாகி, 110க்கு 60 என்று நின்றது. பம்ப் நின்றது. இனி ஹெபாரினை முறிக்க வேண்டும், அதற்கு புரோட்டமின். அது எதிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் மறுபடி கேட்டேன். சால்மன் மீனின் விந்து! பன்றிக் குடலை மீன் முறிக்கிறது. ரத்தம் மறுபடி உறையக் கற்றுக்கொண்டது.

குழாய்களில் மிஞ்சிய ரத்தத்தைச் சேகரித்து அவருக்கே திரும்பக் கொடுத்தார்கள். பிறகு ஆக்ஸிஜனேட்டர், குழாய் எல்லாம் குப்பைப் பைக்கு. ஒருவருக்கு ஒன்றுதான். பெரும்பாலான ஆக்ஸிஜனேட்டர்கள் ஆறு மணி நேர உழைப்புக்கே உத்தரவாதம் பெற்றவை.

பெர்ஃப்யூஷனிஸ்ட் அதற்குள் ஒரு புதுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். குழாய்கள் பென்சில் பருமன்கூட இல்லை.

"அடுத்தது எட்டுக் கிலோ பாப்பா. மொத்த ரத்தமே அறுநூறு மில்லி சொச்சம்தான் இருக்கும். பெரியவங்க செட்டைப் போட்டா, அதை நிரப்பவே அதுக்கு மேல வேணும். அதான் எல்லாமே குட்டி."

இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்க. முதல்ல கேன்டீன்ல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க. வெறும் வயித்தோட நிக்கிறவங்கதான் விழுவாங்க."